ஓஎஸ் மாற்றும் முன் பேக்கப்: எக்ஸ்டர்னல் டிஸ்க்கா, கிளவுடா, பழைய டிஸ்க்கையே கழற்றி வைப்பதா?

விண்டோஸ் 10 என்ற ஓஎஸ்ஸுக்கான (ஆபரேட்டிங் சிஸ்டம், கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் லேப்டாப் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "புதுசா ஓஎஸ் போடணும்னு கடையில சொல்றாங்க. உள்ள இருக்கிறதை எதுல எடுத்து வைக்கிறது?"

கேட்பவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்காரர் இருக்கிறார். மன்னார்குடியில் அரிசி ஆலைக்குக் கணக்கு எழுதுபவர் இருக்கிறார். அக்காவுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கும் திருத்துறைப்பூண்டிக் கல்லூரி மாணவி இருக்கிறார். மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்ப முடியாது. ஆனாலும் என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பில் இன்னும் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது என்றால், எதையும் காப்பி எடுக்க வேண்டாம். புது எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்கி மாட்டிவிட்டு, பழைய டிஸ்க்கை அப்படியே எடுத்து வையுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, போனால் திரும்பக் கிடைக்குமா என்பது. சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று இவற்றையெல்லாம் அரசு இணையதளங்களில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். டிஜிலாக்கரில் இருக்கும் சான்றிதழ்களைப் பற்றியும் கவலை வேண்டாம். தாத்தா காலத்து மூலப்பத்திரத்தை ஸ்கேன் செய்து வைத்திருந்தால் அது வேறு கதை. அக்கா கல்யாண வீடியோ, டேலி என்ற கணக்கு மென்பொருளில் எழுதிய மூன்று வருடக் கணக்கு, பாதி எழுதிய ஆய்வேடு எல்லாம் அந்த வகை. இப்படிப் பிரித்துப் பார்த்தால் பலருடைய லேப்டாப்பில் உண்மையிலேயே காப்பாற்ற வேண்டியது 20 அல்லது 30 ஜிபிக்குள் அடங்கிவிடும். மீதி டவுன்லோட் செய்த படமும் பாட்டும்தான்.

இரண்டாவது, எது விட்டுப்போகும் என்பது. பேக்கப்பில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை டிஸ்க் கெட்டுப்போய் நடப்பதில்லை, ஃபைல் இருந்த இடம் தெரியாமல் நடக்கின்றன. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கு ஃபோல்டர்களை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். முடியவில்லை.

தமிழ் ஃபாண்ட்டையே பாருங்கள். பாமினி, வானவில் போன்றவை யூனிகோடு என்ற இன்றைய பொது எழுத்து முறைக்கு முந்தைய எழுத்துருக்கள். அவற்றில் அடித்த கோப்பு உள்ளுக்குள் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். அந்த ஃபாண்ட் இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். புது விண்டோஸில் அந்தப் பழைய ஃபாண்ட் இருக்காது. பத்து வருடத்துப் பத்திரிகை டிசைன்களைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு ஃபாண்ட்டை விட்டுவிட்டால், திறக்கும்போது ஒரு வரியும் படிக்க முடியாது. ஃபாண்ட்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபாண்ட்ஸ்' என்ற இடத்தில் இருக்கும். ஒரே பயனருக்கு மட்டும் நிறுவியிருந்தால் 'ஆப்டேட்டா' என்ற மறைந்த ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். காப்பி எடுக்கும் யாரும் தானாக இந்த இரண்டு இடங்களையும் எட்டிப் பார்ப்பதில்லை.

டேலியும் அப்படித்தான். அதன் தரவு வழக்கமாக உங்கள் பெயரிலான ஃபோல்டரில் இருக்காது, 'பப்ளிக்' ஃபோல்டருக்குள் வெறும் எண் பெயரில் இருக்கும். ஃபார்மட் செய்வதற்கு (டிஸ்க்கை அழித்துப் புதிதாக்குவதற்கு) முன் டேலி லைசென்ஸை அந்தக் கணினியிலிருந்து சரண்டர் செய்வதும் அவசியம். இல்லாவிட்டால் புது ஓஎஸ்ஸில் அதை மறுபடி உயிர்ப்பிக்க அலைய வேண்டிவரும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, புக்மார்க், அவுட்லுக் மெயில் கோப்பு இவையும் மறைவான இடங்களில் இருப்பவைதான்.

மூன்றாவது அளவுகோல் நேரமும் கரண்டும். பேட்டரி செத்துப்போன லேப்டாப்பை நேராக பிளக்கில் சொருகி ஓட்டுபவர்கள் இங்கே நிறைய. மூன்று மணி நேரம் ஓட வேண்டிய காப்பி, இரண்டாவது மணியில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான்காவது, திரும்ப எடுப்பது எவ்வளவு சுலபம் என்பது. ஐந்தாவது, நம் தரவை வேறு யார் பார்ப்பார்கள் என்பது. இவை இரண்டையும் அந்தந்த வழியைப் பேசும்போது சொல்கிறேன்.

## டி டிரைவில் போட்டு வைப்பது

"சி டிரைவ் மட்டும்தான் ஃபார்மட், டி டிரைவ்ல தொட மாட்டோம்" என்பது ஊரெங்கும் கேட்கும் வாக்கு. காசு செலவில்லை, பத்து நிமிட வேலை. பல நேரம் சரியாகவும் நடந்துவிடுகிறது.

சிக்கல் இன்ஸ்டால் செய்யும் திரையில் இருக்கிறது. அங்கே சி, டி என்று பெயர் வராது. டிரைவ் 0 பார்ட்டிஷன் 2, பார்ட்டிஷன் 3 என்று எண்தான் வரும். அளவைப் பார்த்து ஊகிக்க வேண்டும். சியும் டியும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் ஒரு கிளிக்கில் எல்லாம் போய்விடும். சுழலும் டிஸ்க் என்றால் ரெக்கவரி மென்பொருள் போட்டுக் கொஞ்சம் மீட்கலாம். எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை டிரிம் என்ற வசதி சுத்தமாகத் துடைத்துவிடும் என்பதால் அந்த நம்பிக்கையும் இல்லை. தவிர, சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பாகங்கள்தான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

விண்டோஸிலேயே உள்ள ரீசெட் வசதியில் 'என் ஃபைல்களை வைத்துக்கொள்' என்று ஒரு வாய்ப்பு வரும். அதுவும் இதே ரகம்தான். வேலையைச் சுலபமாக்கும், பேக்கப் ஆகாது. இரண்டையும் கூடுதல் வசதியாக வைத்துக்கொள்ளலாம், தனியாக நம்பக் கூடாது.

## எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், பென் டிரைவ்

பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த வழி. 1 டிபி டிஸ்க்கின் விலை கடைக்குக் கடையும் மாதத்துக்கு மாதமும் மாறும். ஒருமுறை வாங்கினால் அடுத்த முறைக்கும் உதவும்.

வேகம் போர்ட்டைப் பொறுத்தது. 200 ஜிபி தரவு யூஎஸ்பி 3 போர்ட்டில் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் போனால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் நொடிக்கு 30 எம்பிதான் என்றால் இரண்டு மணி நேரத்தை ஒட்டும். இதெல்லாம் பெரிய கோப்புகளுக்கு. ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் என்றால் இன்னும் இழுக்கும். நீல நிறப் போர்ட் இருந்தால் அதில் சொருகுங்கள், பெரும்பாலும் அதுதான் யூஎஸ்பி 3.

மறைவான செலவு, மேலே சொன்ன ஃபாண்ட், டேலி, ஆப்டேட்டா ஆகிய மூன்றையும் நீங்களே நினைவு வைத்துத் தேடி எடுக்க வேண்டும் என்பதுதான். அரசு லேப்டாப்பில் இன்னொரு பொறியும் உண்டு. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு ஓஎஸ்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸுக்குள் போய்ச் சேமித்த கோப்புகள் விண்டோஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. யாராவது எப்போதாவது அதில் வேலை செய்திருந்தால், ஒருமுறை பாஸைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

காப்பி எடுக்கும்போது கட் செய்து பேஸ்ட் செய்யவே கூடாது, காப்பிதான். நடுவில் கரண்ட் போனாலும் மூலம் அப்படியே இருக்கும். ரோபோகாபி என்ற கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. பாதியில் நின்றாலும், மறுபடி ஓட்டினால் ஏற்கெனவே போன கோப்புகளை விட்டுவிட்டு மீதியை எடுக்கும். கரண்ட் நிலையில்லாத ஊருக்கு மிகவும் பொருந்தும்.

பென் டிரைவ் 20, 30 ஜிபிக்குப் போதும். இரண்டு விஷயங்களைப் பாருங்கள். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்திருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. கல்யாண வீடியோ அங்கேதான் மாட்டும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும். அடுத்து, இணையத்தில் அடிமாட்டு விலைக்கு வரும் 1 டிபி, 2 டிபி பென் டிரைவ்களில் போலி நிறைய. உள்ளே சில ஜிபிதான் இருக்கும். எல்லாம் காப்பி ஆனதாகவே காட்டும், திறந்தால் ஒன்றும் வராது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவியில் முதலில் சோதித்துப் பார்க்கலாம்.

## கிளவுட்

கிளவுட் என்பது இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் கணினியில் சேமித்து வைப்பது. கூகுள் டிரைவில் இலவசம் 15 ஜிபி, அதுவும் ஜிமெயிலும் போட்டோஸும் பங்கு போட்டுக்கொண்டது போக மிச்சம். ஒன்டிரைவில் இலவசம் 5 ஜிபி. அதற்கு மேல் வேண்டும் என்றால் மாதமோ வருடமோ சந்தா.

பணத்தை விடப் பெரிய தடை ஏற்றும் வேகம். ஃபைபர் இணைப்பில் அப்லோட் நொடிக்கு 20 மெகாபிட் கிடைத்தாலும் 200 ஜிபி ஏற 22 மணி நேரம் பிடிக்கும். நாளைக்கு 2 ஜிபி தரும் மொபைல் பிளானில் ஏற்றினால் நூறு நாள், அதாவது மேட்டூர் திறந்து விதைத்த குறுவை கதிர் முற்றும் வரைக்கும். ஆகவே முழு லேப்டாப்பையும் கிளவுடில் ஏற்றுவது இந்தப் பக்கத்துக்குச் சரிப்படாது.

சின்ன, முக்கியமான கோப்புகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பதும் உண்மை. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது ஓடும் கூரையும் பறந்த வீடுகளில், லேப்டாப்பும் அதன் பேக்கப் டிஸ்க்கும் ஒரே அலமாரியில் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்திர ஸ்கேன், டேலி பேக்கப், ஆய்வேடு, ஃபாண்ட் ஃபோல்டர் எல்லாம் சேர்ந்தாலும் பலருக்கு 15 ஜிபி தாண்டாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவற்றை மேலே ஏற்றிவிடலாம். இணையமே வேண்டாம் என்பவர்கள் ஒரு பிரதியைச் சென்னையிலோ திருச்சியிலோ இருக்கும் பிள்ளையிடம் கொடுத்து வைத்தாலும் அதே பலன்தான்.

இரண்டு எச்சரிக்கை. சின்க் (லேப்டாப்பில் இருப்பதையும் கிளவுடில் இருப்பதையும் ஒரே மாதிரி வைப்பது) வேறு, பேக்கப் வேறு. லேப்டாப்பில் அழித்தால் மேலேயும் அழியும், குப்பைத்தொட்டியில் சில நாள்தான் கிடக்கும். ஒன்டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: டெஸ்க்டாப்பில் தெரியும் ஃபைல் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அது லேப்டாப்பில் இல்லை, மேலேதான் இருக்கிறது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இல்லாமல் ஓஎஸ் மாற்றிவிட்டால் கோப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். கூகுளும் இரண்டு வருடம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்று விதி வைத்திருக்கிறது.

## முழு டிஸ்க் இமேஜ்

குளோன்சில்லா, ரெஸ்க்யூசில்லா போன்ற இலவசக் கருவிகள் டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும், ஓஎஸ் உட்பட, ஒரே தொகுப்பாக எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எழுதி வைக்கும். எதுவும் விட்டுப்போகாது. புது ஓஎஸ் பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்கே திரும்பலாம்.

ஆனால் எந்தக் குப்பைக்காக ஓஎஸ் மாற்றுகிறோமோ, அந்த வைரஸும் மந்தமும் சேர்ந்தேதான் இமேஜில் இருக்கும். முழுதாகத் திரும்பப் போட்டால் பழைய தலைவலியும் திரும்பும். குளோன்சில்லா இமேஜிலிருந்து ஒரே ஒரு ஃபைலை மட்டும் எடுப்பது சாதாரண ஆளுக்குக் கடினம், ரெஸ்க்யூசில்லாவில் அதற்கு வழி இருக்கிறது. வழக்கமாக, இமேஜ் எடுத்த டிஸ்க்கை விடச் சிறிய டிஸ்க்கில் அதைத் திரும்பப் போடவும் முடியாது.

நிறுவும் சிடி தொலைந்துபோன பழைய கணக்கு மென்பொருள், இனி டிரைவர் மென்பொருள் கிடைக்காத பிரிண்டர் இப்படி ஏதாவது இருந்தால் மட்டும் இந்த வழி. மற்றவர்களுக்கு இது தேவைக்கு மீறிய உழைப்பு.

## பழைய டிஸ்க்கையே கழற்றி வைப்பது

நான் முதலில் சொன்ன வழி இதுதான். பத்து வருடப் பழைய லேப்டாப் பலவற்றில் இருப்பது சாட்டா என்ற இணைப்பு கொண்ட இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க். அதே இடத்தில் அதே அளவு எஸ்எஸ்டி உட்காரும். புது எஸ்எஸ்டியில் ஓஎஸ் போட்டுவிட்டு, பழைய டிஸ்க்கைச் சில நூறு ரூபாய் விலையுள்ள யூஎஸ்பி கேஸில் போட்டால் அதுவே எக்ஸ்டர்னல் டிஸ்க் ஆகிவிடும்.

அளவுகோல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காப்பி எடுக்கும் நேரம் பூஜ்யம். பாமினி ஃபாண்ட், டேலி ஃபோல்டர், பாஸ் லினக்ஸ் பார்ட்டிஷன் எதுவும் விட்டுப்போக வழியே இல்லை, ஏனென்றால் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஏதோ ஒரு ஃபைல் நினைவுக்கு வந்தால் கேஸைச் சொருகி எடுத்துக்கொள்ளலாம். புது ஓஎஸ் சரிவரவில்லை என்றால் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் பழைய லேப்டாப் வந்துவிடும். லேப்டாப் மந்தம் என்பதுதான் ஓஎஸ் மாற்றக் காரணம் என்றால், அந்த மந்தத்தில் பெரும்பங்கு சுழலும் டிஸ்க்கினுடையது. ஓஎஸ்ஸை மட்டும் மாற்றிவிட்டு அதே டிஸ்க்கில் ஓட்டினால், சில மாதத்தில் மறுபடி கடைக்கு வருவீர்கள்.

குறைகளும் உண்டு. மாற்றிய அன்று உங்கள் தரவுக்கு அந்தப் பழைய டிஸ்க் ஒன்றுதான் பிரதி. முக்கியமானதைப் புது எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்த பிறகுதான் இரண்டாகும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில் டிஸ்க்கின் உடல்நிலை மஞ்சளாகக் காட்டினால், கழற்றுவதற்கு முன்பே உயிரான கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் அணைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பூட்டும் வசதியால் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால், அதாவது பூட்டப்பட்டிருந்தால், வேறு கணினியில் திறக்க அதன் 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். விண்டோஸ் 11-உடன் வந்த லேப்டாப்புகள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் இது இயங்கிக்கொண்டிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் கீ அங்கே இருக்கும். தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய புது லேப்டாப்புகளில் ஸ்டோரேஜ் போர்டிலேயே ஒட்டியிருக்கலாம், வாரண்டியும் இருக்கலாம். அவற்றுக்கு இந்த வழி ஒத்துவராது.

## கடையிலேயே கொடுத்துவிடுவது

"அண்ணே, நீங்களே பேக்கப் எடுத்து ஓஎஸ் போட்டுக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வருவது சுலபம். நல்ல கைக்காரரிடம் கொடுத்தால் தவறும் இல்லை. ஆனால் உங்கள் கணக்கு எங்கே இருக்கிறது, எந்த ஃபாண்ட் முக்கியம் என்பது அவருக்குத் தெரியாது. அவர் எடுப்பதும் அந்த நான்கு ஃபோல்டராகத்தான் இருக்கும். வீட்டுப் பெண்களின் படம், ஆதார், பேங்க் விவரம் எல்லாம் கடை டிஸ்க்கில் ஒரு பிரதியாகத் தங்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். கொடுப்பதானால் எடுக்க வேண்டிய இடங்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள், உங்கள் டிஸ்க்கையே கொடுத்து அதில் எடுக்கச் சொல்லுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | செலவு | 200 ஜிபிக்கு நேரம் | விட்டுப்போகும் வாய்ப்பு | யாருக்கு |
|---|---|---|---|---|
| டி டிரைவ் | இல்லை | சிறிது | அதிகம், மொத்தமாகவும் போகலாம் | துணை வழியாக மட்டும் |
| எக்ஸ்டர்னல் டிஸ்க் | நடுத்தரம் | அரை முதல் 2 மணி நேரம், சில நேரம் மேலும் | உங்கள் நினைவைப் பொறுத்தது | டிஸ்க் கழற்ற முடியாதவர்கள் |
| கிளவுட் | சந்தா | ஏறக்குறைய ஒரு நாள், மொபைலில் மாதக்கணக்கு | தேர்ந்தெடுப்பதைப் பொறுத்தது | 15 ஜிபிக்குள் அடங்கும் முக்கியக் கோப்புகள் |
| டிஸ்க் இமேஜ் | டிஸ்க் விலை | சில மணி நேரம் | இல்லை | மறுபடி நிறுவ முடியாத மென்பொருள் |
| டிஸ்க் மாற்றம் | எஸ்எஸ்டியும் கேஸும் | இல்லை | இல்லை | சாட்டா டிஸ்க் உள்ள பழைய லேப்டாப் |
| கடை | கூலி | கடையைப் பொறுத்தது | அதிகம் | பட்டியல் எழுதிக் கொடுப்பவர்கள் |

டிடிபி கடைக்காரர் டிஸ்க்கை மாற்றட்டும், ஃபாண்ட் ஃபோல்டரை மட்டும் கிளவுடிலும் ஏற்றட்டும். அரிசி ஆலைக் கணக்கரின் லேப்டாப் புதியது, கழற்ற முடியாதது என்றால் எக்ஸ்டர்னல் டிஸ்க் எடுக்கட்டும், டேலியின் சொந்த பேக்கப் கட்டளையில் ஒரு பிரதியும், அதைக் கிளவுடில் இன்னொரு பிரதியும் வைக்கட்டும். அரசு லேப்டாப் மாணவிக்கு டிஸ்க் மாற்றம்தான். எஸ்எஸ்டிக்குப் பணம் இல்லை என்றால் பாஸைத் திறந்து பார்த்துவிட்டு, 32 ஜிபி பென் டிரைவும் இலவச கிளவுடும் சேர்ந்தால் அவருக்குப் போதும்.

## ஓஎஸ் போடும் நாளில்

எந்த வழியானாலும், பேக்கப்பை இன்னொரு கணினியில் சொருகி, நாலு கோப்பைத் திறந்து பாருங்கள். பெரிய வீடியோ ஒன்று, டேலி கம்பெனி ஒன்று, பாமினியில் அடித்தது ஒன்று. மூல ஃபோல்டரிலும் காப்பியிலும் கோப்புகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

இன்ஸ்டால் தொடங்கும் முன் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். இன்ஸ்டால் திரை லேப்டாப்பில் சொருகியிருக்கும் எல்லா டிஸ்க்கையும் வரிசையாகக் காட்டும். பேக்கப் டிஸ்க்கையே ஃபார்மட் செய்துவிடும் ஆபத்து அங்கேதான்.

பழைய பிரதியை எப்போது அழிக்கலாம் என்பதற்கு என் கணக்கு இது: படிப்பவர்கள் ஒரு செமஸ்டர் முடியும் வரை, டிடிபிக்காரர்கள் ஒரு முகூர்த்த சீசன் கடக்கும் வரை, கணக்கு எழுதுபவர்கள் அடுத்த வருமான வரித் தாக்கல் முடியும் வரை. மறந்த கோப்பு பெரும்பாலும் அப்போதுதான் தேவைப்படும். அதுவரை டிஸ்க்கை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத கவரில், மழைக்காலத்தில் ஈரம் ஏறாத மேல் தட்டில் வையுங்கள்.